முதல் பந்தியில் 11 பேர், கடைசிப் பந்தியில் யார்?

பந்தியைப் படமாக்கப் போகும் இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் தேர்வுக் குழுவினருக்கு,

நீங்கள் வெளியிட்ட நடிகர் தேர்வு அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். ஒரு கல்யாண மண்டபம், ஒரு பகல், ஒரு பந்தி, அதில் உட்காரும் 11 பேரின் கதை. "சாதி மதம் பாராமல் தமிழ்நாடே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் படம்" என்று மேலே போட்டிருக்கிறீர்கள். கீழே வந்தால் அந்த 11 பேருக்கும் "நல்ல நிறம்" கேட்டிருக்கிறது. பரிமாறுகிறவர்கள் 6 பேர்: கறுப்பாக இருக்க வேண்டும், வசனம் இல்லை, நாள் சம்பளம். இலை எடுக்கும் பாட்டி ஒருவர்: அவருக்கும் வசனம் இல்லை. முஸ்லிம் ஒருவர்: பிரியாணிக் கடைக்காரர், நகைச்சுவைப் பாத்திரம். ஈழத்துப் பெண் ஒருவர்: "நன்றாக அழத் தெரிந்தவர்". மண்டபத்துச் சாப்பாடு சுத்த சைவம்.

நாங்கள் சாப்பாட்டுக் காட்சிகளுக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள். சமையல் மாஸ்டர்கள், கலைத்துறை உதவியாளர்கள், உதவி இயக்குநர்கள், ஒப்பனைக்காரர்கள், வட்டாரப் பேச்சு சொல்லிக் கொடுக்கிறவர்கள், துணை நடிகர்கள். உங்கள் எண்ணத்தில் சந்தேகப்படவில்லை. ஆனால் பந்தி எப்படி நடக்கிறது, அதை எப்படிப் படம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பைப் பார்த்ததுமே படம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது.

முதலில் உட்காரும் முறை. சாப்பாட்டு மேசையில் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். பந்தியில் முடியாது. எல்லாரும் ஒரே திசை பார்த்து வரிசையாக உட்காருகிறார்கள். பேச்சு பக்கவாட்டில்தான் போகும், அதுவும் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவரோடு மட்டும். மொத்த வரிசையின் முகத்தையும் பார்க்கிறவர் ஒரே ஆள்: வாளியோடு எதிரே குனிந்து வருகிற பரிமாறுகிறவர். யார் இரண்டாம் முறை பாயசம் கேட்டார், யார் குழம்பைத் தொடவில்லை, யார் பக்கத்து இலைக்காரரோடு பேசாமல் திரும்பி உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். 11 பேர் கதையை ஒன்றாகக் கட்டக்கூடிய கயிறு அவர்தான். அவர் வாயைத்தான் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது கணக்கு. பந்திக் காட்சிக்கு முழு வரிசையும் தெரியும் ஒரு மாஸ்டர் ஷாட், அதன் பிறகு 7 கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 டேக் என்று வைத்தாலே 24 டேக். ஒவ்வொரு டேக்கிலும் 11 இலையையும் புதிதாகப் போட்டால் 264 இலை. 14 வகை வைத்த இலையை, முந்தைய டேக்கில் எப்படி இருந்தது என்று காட்டும் கன்டினியூட்டி போட்டோ பார்த்து மறுபடி அமைக்க, இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் 2 நிமிடம் ஆகும். 11 இலைக்கு 22 நிமிடம். அதை 24-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கால்ஷீட் இலை மாற்றுவதிலேயே போய்விடும். அதனால் தளத்தில் என்ன நடக்கும்? மதியத்துக்கு மேல் வெளிச்சம் போகிறது என்ற அவசரத்தில் யாருடைய குளோஸ்-அப்பை விடலாம் என்று பட்டியல் போடுவார்கள். வரிசையின் ஓரத்தில் இருப்பவர் முதலில் போவார். ஓரத்தில் யாரை உட்கார வைத்தீர்கள் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். "வேண்டுமென்று வெட்டவில்லை, நேரமில்லை" என்று எடிட்டிங்கில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் உட்காரும் வரிசை முடிவான அன்றே வெட்டு விழுந்துவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. காட்சியை மூன்று நிலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கை வைக்காத இலை, குழம்புச் சோறு பாதி முடிந்த இலை, மோர் கட்டம். ஒவ்வொரு நிலைக்கும் அகலத் தட்டுகளில் இலைகளை முன்கூட்டியே அமைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால், மாற்றும்போது தட்டிலிருந்து நழுவவிட்டு இரண்டு ஓரங்களைச் சரிசெய்தால் போதும். ஈரம் இல்லாவிட்டால் விளக்குச் சூட்டில் இலை ஓரம் சுருண்டு பழுப்பு அடிக்கும், எந்த டேக்கும் ஒட்டாது. எடுக்கும் வரிசையையும் மாற்றுங்கள். ஓரத்து ஆள், பரிமாறுகிறவர், இலை எடுப்பவர் ஆகியோரின் குளோஸ்-அப் காலையில். நாயகனுக்கு மாலையில் எடுக்கலாம், அவருக்காக இன்னொரு நாள் கால்ஷீட் என்றால் யாராக இருந்தாலும் கொடுப்பார்கள்.

பரிமாறத் தெரியாதவர் கையில் வாளியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நிரம்பிய சாம்பார் வாளி கனக்கும். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, நகர்ந்துகொண்டே குனிய வேண்டும். பழகாதவர் முதல் நாலு இலைக்குள் யார் வேட்டியிலாவது ஊற்றிவிடுவார். பிறகு பயந்து கரண்டியில் பாதி மட்டும் எடுப்பார், அது திரையில் கஞ்சத்தனமாகத் தெரியும். ஆட்களை ஏஜெண்ட் மூலம்தான் எடுக்கிறோம் என்பீர்கள். எடுங்கள். பரிமாறத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், துணை நடிகர்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்றைய மண்டபங்களில் பரிமாறுகிறவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள். சமையல்கட்டில் ஒடிசா, பீகார், அசாம் ஆட்களின் குரல் கேட்காத மண்டபத்தைப் பெரிய ஊர்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்கள் பட்டியலில் அவர்கள் ஒருவரும் இல்லை. "கறுப்பாக" என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் முடித்துவிட்டீர்கள்.

நிறம் என்றதும் இன்னொன்று. அந்தப் பாட்டிக்கு வெளுத்த நிறமுள்ள நடிகையைப் பேசி, கறுப்புப் பூசிக்கொள்ளலாம் என்று உங்கள் தரப்பில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். மற்றக் காட்சிகளில் இதை எப்படியோ சமாளித்திருப்பீர்கள். சாப்பாட்டுக் காட்சியில் அது நிற்காது. கையால் பிசைந்து சாப்பிடும்போது விரல் நுனியிலிருந்து பூச்சு கரைந்து சோற்றில் இறங்கும். எண்ணெயும் புளியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு டேக்குக்கும் கை கழுவ வேண்டும், கழுவினால் மணிக்கட்டில் கோடு விழும், அதன் மேல் பூசினால் உள்ளங்கையும் புறங்கையும் வேறு வேறு நிறமாக நிற்கும். பந்திப் படத்தில் பாதி ஷாட்டுகள் கைகள்தான். பூச்சு வேண்டாத முகம் தமிழ்நாட்டில் பஞ்சமா?

உணவுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பொதுப் பந்தி என்று சைவ இலையைக் காட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தில் இலையில் விழுவது ஆட்டுக்கறி. திருமங்கலம் அருகே வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் அதிகாலையில் பிரசாதமாகக் கொடுப்பது பிரியாணி. ஆம்பூரில் கல்யாணம் என்றால் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும். வட சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையைச் சுற்றி நின்று சாப்பிடுகிற கூட்டத்தில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் இருக்கும். இவை எல்லாம் "கூடிச் சாப்பிடுவது" என்ற கணக்கில் வராதா?

கறி வேண்டாம் என்பதற்குத் தளத்தில் சொல்லும் காரணங்கள் எங்களுக்குப் பழக்கம். கறி கெட்டுப்போகும், நாறும், ஆட்டுக்கொழுப்பு உறைந்து வெள்ளைப் படலம் கட்டும். உண்மைதான், ஏ.சி. மண்டபத்தில் கால் மணி நேரத்தில் கட்டும். ஆகவே குழம்பைத் தனியாகச் சூட்டில் வைத்து, கறித்துண்டைக் கடைசியில் இலையில் வைத்து, ஆக்‌ஷன் சொல்வதற்கு முன் தூரிகையால் சூடான எண்ணெய் தடவினால் போதும். மீல் மேக்கரைக் கறி என்று வைக்காதீர்கள். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும்போது கட்டைவிரல் போகும் விதமே வேறு. சாப்பிடத் தெரிந்த ரசிகன் முதல் கவளத்தில் கண்டுபிடித்துவிடுவான். கறி சாப்பிடாத நடிகரைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. தேர்வின்போதே கேளுங்கள், ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படப்பிடிப்பு அன்று காலையில் கேட்டுவிட்டு, அவருக்காகப் பாத்திரத்தின் இலையையே மாற்றுவதுதான் தவறு. ஒரு நடிகரின் பழக்கத்துக்காக ஒரு சமூகத்தின் சாப்பாடு திரையிலிருந்து காணாமல் போகிறது.

மாட்டுக்கறி பற்றிப் பேசவே தயங்குகிறீர்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று சொன்னது. அந்த ஊரில் அதைச் சாப்பிடுகிறவர்களும் விற்கிறவர்களும் எதிர்த்தார்கள், மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. எல்லாருக்குமான விருந்து என்று பெயர் வைத்துவிட்டுப் பட்டியலில் ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உங்கள் அறிவிப்பும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. அங்கே யாராவது கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தியின் வரலாறும் உங்கள் கதைச் சுருக்கத்தில் இல்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் எரிகிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை எதிர்த்து 1924-25-இல் எழுந்த சண்டை, தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கி, பெரியாரின் பாதையை மாற்றியது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் "பிராமணாள்" என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துத் திராவிடர் கழகத்தினர் கைதானார்கள். இதெல்லாம் பழைய கதை என்றால், 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு வந்து அவரை இடம் மாற்றினார்கள். பிறகு அந்த உத்தரவு ரத்தானது. ஒவ்வோர் ஆகஸ்டு 15-லும் கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது, அமைச்சர்களும் கலெக்டர்களும் இலையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விருந்தை ஏன் அரசு நடத்த வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்குள்தான் உங்கள் படத்தின் கதை இருக்கிறது.

முஸ்லிம் என்றால் பிரியாணிக் கடை பாய், அதுவும் சிரிப்புக்கு. போதும். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடும் சகன் சாப்பாட்டை, பகிர்ந்து உண்பது பற்றிய படத்தில் காட்டாமல் வேறு எதில் காட்டுவீர்கள்? காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் கேட்டுப் பாருங்கள். இலங்கை முஸ்லிம்கள் 'சவன்' என்பார்கள், 6 பேர் ஒரு தட்டு. படமாக்க இதைவிட வசதியான சாப்பாடும் கிடையாது. வட்டமாக உட்காருவதால் எல்லா முகமும் கேமராவுக்குக் கிடைக்கும், மேலிருந்து ஒரு ஷாட் எடுத்தால் 6 கைகளும் ஒரே சட்டத்தில் நிற்கும். தன் பங்கைத் தன் பக்கத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், நல்ல கறித்துண்டைப் பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்ற மரியாதைகள் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நடிகர்கள் நடுவில் கை நீட்டிக் குழப்புவார்கள்.

ஈழத்துப் பெண்ணை அழ வைப்பதற்கு முன் அவருக்கு ஒரு சட்டி ஒடியற்கூழ் கொடுங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு போக மேல்தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் போட்டால் கூழ் கசக்கும், யாராலும் இரண்டாவது டேக்கில் குடிக்க முடியாது. மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கை இலை, செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), பழப்புளி எல்லாம் அதில் சேரும். பெரிய பானையைச் சுற்றி உட்கார்ந்து பலா இலையைக் கோலி அதில் வாங்கிக் குடிப்பார்கள். பானையைச் சுற்றிய பேச்சில் சிரிப்பு, வம்பு, சண்டை எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் மூன்றும் மூன்று பேச்சு. அவருடைய வசனத்தைச் சென்னையில் எழுதி, "என்ன செய்யிறியள்" என்று நாலு இடத்தில் ஒட்டினால் எந்த ஊராகவும் இருக்காது.

பெண்கள். அறிவிப்பில் உள்ள 11 பேரில் 4 பெண்கள், நால்வரும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். எந்தக் கல்யாணத்தில்? காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் பாத்திரம் விளக்குவதும் பெண்கள், கரண்டி ஆண் கையில். இதுதான் பெரும்பாலான ஆக்குப்புரையின், அதாவது சமையல் கொட்டகையின், நிலை. நெல்லைப் பக்கம் சமையல்காரரைக் குறிக்கும் 'தவசுப்பிள்ளை' என்ற சொல்லே ஆண்பாலாகத்தான் புழங்குகிறது. வேலை செய்தவர்கள் உட்காருவது கடைசிப் பந்தியில். அந்தப் பந்தியை யாரும் படம் எடுத்ததில்லை என்றே நினைக்கிறோம். நுனி இலை தீர்ந்து ஏடு (நறுக்கிய துண்டு இலை) வரும். அப்பளம் நமத்திருக்கும். சாம்பாரில் காய் இருக்காது, ரசம் அடிமண்டியாக இருக்கும். வடை பாதி, பாயசம் அரைக் கரண்டி, பொரியல் வழித்தெடுத்தது. மோர் மட்டும் தாராளம், தண்ணீர் ஊற்றலாம் அல்லவா. பரிமாற ஆள் இருக்காது, ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். உங்கள் படத்தில் உண்மையிலேயே பகிர்ந்து சாப்பிடும் காட்சி என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கும். முதல் பந்தியின் இலை அமைப்புக்குச் செலவிடும் அதே கவனத்தை இதற்கும் கேட்கிறோம். மிச்சம்போலத் தெரிய வேண்டும் என்பதற்காக உண்மையிலேயே மிச்சத்தை வைத்துவிடாதீர்கள். காலையில் சமைத்தது மாலைக்குள் புளித்துவிடும், சாப்பிடும் துணை நடிகர்களுக்கு வயிறு கெடும். புதிதாகச் சமைத்து மிச்சம்போல அமைக்க வேண்டும்.

உடல் ஊனமுற்றவர் ஒருவரையும் பட்டியலில் காணோம். சக்கர நாற்காலிக்காரர் மண்டபத்து மேசைக்குக் கீழே முழங்காலை நுழைக்க முடியாமல் பக்கவாட்டாகத் திரும்பி இலையை எட்டுகிறார், பார்வையற்றவருக்குப் பக்கத்தில் இருப்பவர் "இடது ஓரம் உப்பு, அடுத்தது ஊறுகாய்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். பந்திக்குப் பந்தி நடப்பவைதான் இவை.

கடைசியாக உங்கள் தளத்துச் சாப்பாடு. நடிகர்களுக்குக் கேரவனில், டெக்னீஷியன்களுக்கு ஒரு மேசையில், துணை நடிகர்களுக்குப் பொட்டலம். விஜயகாந்த் தன் படப்பிடிப்பில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போட்டதை இன்றும் ஆள் ஆளுக்குச் சொல்கிறார்கள் என்றால், மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பது புரியும். பந்தியைப் பற்றிய படத்திலாவது இது மாற வேண்டாமா?

நாங்கள் கேட்பவை இவை.

"நல்ல நிறம்", "கறுப்பாக" என்ற சொற்களை எடுத்துவிட்டு அறிவிப்பைத் திரும்ப வெளியிடுங்கள். எந்தப் பாத்திரத்துக்கும் நிறம் பூச மாட்டோம் என்று அதிலேயே எழுதுங்கள். பரிமாறுகிறவர்களில் குறைந்தது இருவருக்கும், இலை எடுப்பவருக்கும் பெயர், வசனம், பாத்திரத்துக்கான சம்பளம் மூன்றும் கொடுங்கள். நாள் சம்பளத்தில் வைத்துவிட்டு வசனம் மட்டும் கொடுத்தால் ஏமாற்று. திரைக்கதையில் கறிச்சாப்பாடு, சகன், கூழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வர வேண்டும். மாட்டுக்கறி சாப்பிடும் ஒரு பாத்திரம், அதற்காக மன்னிப்புக் கேட்காமலும் யாருக்கும் விளக்கம் சொல்லாமலும், சாப்பிட்டு எழுந்து போக வேண்டும். முஸ்லிம் பாத்திரத்தையும் ஈழத்துப் பாத்திரத்தையும் அந்தச் சமூகத்தில் எழுதத் தெரிந்தவர்களை உட்கார வைத்துத் திரும்ப எழுதுங்கள், டைட்டிலில் அவர்கள் பெயரைப் போடுங்கள். வட்டாரப் பேச்சுக்காரர் டப்பிங் முடியும்வரை கூட இருக்க வேண்டும், படப்பிடிப்போடு அனுப்பிவிடாதீர்கள். கடைசிப் பந்திக்கு ஒரு முழு நாள் கால்ஷீட் ஒதுக்குங்கள். ஓரத்தில் உட்காருகிறவர்களின் குளோஸ்-அப் காலை 11 மணிக்குள் முடிய வேண்டும் என்பதை அன்றைய படப்பிடிப்பு அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

படப்பிடிப்பின் முதல் நாள் மதியம், கேரவன் கதவைச் சாத்திவிட்டு, நாயகன் முதல் லைட்மேன்வரை எல்லாருக்கும் ஒரே வரிசையில் இலை போடுங்கள். பரிமாற நாங்கள் வருகிறோம். எங்களுக்கும் இலை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பந்திக் காட்சிகளில் வேலை செய்பவர்கள்